யூரிக் அமில அறிக்கையை இதயத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி

குறுவை நடவு முடிந்த ஒரு வாரத்தில், மன்னார்குடியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திற்குக் கோட்டூர்ப் பக்கத்திலிருந்து அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் வந்தார். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறினார். "தம்பி, ராத்திரி போர்வை பட்டாலே உசுரு போவுது" என்றார். யூரிக் அமிலம் 9.1 வந்தது. அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த அதிக அளவுக் குறியைக் காட்டியதும், "மருந்துக்கடையில காட்டி ஏதாவது வாங்கிக்கிறேன்" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் எழுந்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். வலியில்லாத இடது காலிலும் கணுக்கால் எலும்பு தெரியவில்லை. அனுமதி கேட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தேன். ஈரக் களிமண்ணில் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது. தூக்கம் எப்படி என்று கேட்டேன். படுத்தால் இருமல் வருவதால் பத்து நாளாகத் திண்ணையில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குவதாகச் சொன்னார். அன்று அவர் போகவேண்டிய இடம் மருந்துக்கடை அல்ல என்று அவருடைய மகனுக்கு எடுத்துச் சொல்லித் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் இருந்ததென்று மகன் பிறகு வந்து சொன்னார். யூரிக் அமிலம் ஏன் அவ்வளவு ஏறியிருந்தது என்பதற்கான விடையின் பெரும்பகுதி அந்த எக்கோ அறிக்கையில்தான் இருந்தது.

யூரிக் அமிலம் என்றால் மூட்டுவலி, மூட்டுவலி என்றால் வலி மாத்திரை என்று நம் ஊரில் நிலைத்துவிட்ட கணக்கைத் திருத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லன், ஆய்வக நுட்பன். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன் அந்த ஒற்றை எண்ணை எப்படிப் படிப்பது, எவற்றோடு சேர்த்துப் பார்ப்பது, எதைச் செய்யாமல் இருப்பது என்பவற்றை அறிக்கையைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளலாம், தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. பழைய உயிரணுக்கள் சிதையும்போதும், இறைச்சி, மீன் போன்ற உணவு செரிக்கும்போதும் அது உடைந்து, சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் வேலையால் கடைசியில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இந்த அமிலத்தை மேலும் உடைத்துக் கரையச்செய்யும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதருக்கு அது இல்லை. ஆகவே உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றியாக வேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் உங்கள் ரத்தத்தில் யூரிக் அமிலத்தை அளப்பதும் நம்மிடம் இல்லாத அந்த யூரிகேஸ் நொதியைக் கொண்டுதான் என்பதை இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்வேன். நொதி சேர்ந்ததும் குழாயில் சிவப்புச் சாயல் எழும். சாயல் எவ்வளவு அடர்த்தியோ, அமிலம் அவ்வளவு அதிகம்.

இதில் இதயம் இரண்டு வழியாக உள்ளே வருகிறது. முதல் வழி சிறுநீரகத்தின் பக்கமாக. இதயம் போதிய வேகத்தில் ரத்தத்தைத் தள்ளாவிட்டால் சிறுநீரகத்துக்குப் போய்ச்சேரும் ரத்தம் குறைகிறது, வடிகட்டும் வேலை தளர்கிறது, யூரிக் அமிலம் ரத்தத்திலேயே தேங்குகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேராவிட்டால் வாய்க்காலில் என்ன நடக்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓட்டம் குறைந்த இடத்தில் பாசியும் குப்பையும் சேரும். இரண்டாவது வழி திசுக்களின் பக்கமாக. ரத்தம் குறைவாகக் கிடைக்கும் திசுக்களில் ஆக்சிஜன் பற்றாமல் போவதால், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. உடைந்து பியூரினாகக் கொட்டுகிறது. அதிலிருந்து மேலும் யூரிக் அமிலம் உண்டாகிறது. வரவு கூடி, வெளியேற்றமும் குறைந்தால் எண் ஏறாமல் என்ன செய்யும்?

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு என்று ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். சாந்தைன் ஆக்சிடேஸ் வேலை செய்யும்போது யூரிக் அமிலத்தோடு சேர்த்து, உயிரணுக்களைத் தாக்கும் ஆக்சிஜன் கூறுகளையும் வெளியிடுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதனால் குறைகிறது, குழாய் இறுகுகிறது, ரத்தக் கொதிப்பு ஏற இடம் உண்டாகிறது. 2008-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், புதிதாக ரத்தக் கொதிப்பு கண்டறியப்பட்ட 30 வளரிளம் பருவத்தினருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் கொடுத்தபோது ரத்த அழுத்தம் இறங்கியது. இந்த ஆய்வு பலருக்கும் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

மூலமா, அடையாளமா

அந்த நம்பிக்கை எங்கே நின்றது என்பதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு அநியாயம் செய்தவனாவேன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வு 1999-இல், ரத்தக் கொதிப்பு போன்ற மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, யூரிக் அமிலம் தானாக இதயநோய்க்குக் காரணமாவதாகத் தெரியவில்லை என்றது. 2000-இல் அதே நாட்டின் மற்றொரு பெரிய மக்கள்தொகை ஆய்வு, யூரிக் அமிலம் கூடக் கூட இதயநோய் மரணமும் கூடுவதாகச் சொன்னது. இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை, உள்ளவர்களில் யூரிக் அமிலம் அதிகமாக இருப்பவர்களின் உடல்நிலை விரைவில் மோசமாகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அப்படியானால் அந்த அமிலத்தை மருந்தால் குறைத்தால் இதயம் தேறவேண்டும் அல்லவா? அதைத்தான் சோதித்தார்கள். இதயச் செயலிழப்பும் கூடுதல் யூரிக் அமிலமும் சேர்ந்திருந்த 253 பேரிடம் 24 வாரங்கள் அலோப்யூரினாலைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. அமிலம் இறங்கியது, இதயநிலையில் முன்னேற்றம் இல்லை. கௌட் என்னும் யூரிக் அமில மூட்டுநோய் இல்லாத, ஆனால் இதயக் குழாய் அடைப்பு உள்ள, 60 வயதைக் கடந்த 5,700-க்கும் மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. அதிலும் மாரடைப்போ, பக்கவாதமோ, இதயநோய் மரணமோ குறையவில்லை.

இவற்றையெல்லாம் படித்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் இதுதான். யூரிக் அமிலம் கூடியிருப்பது பெரும்பாலும் இதயமும் சிறுநீரகமும் அனுப்பும் தந்தி. தந்தியைக் கிழித்துப் போட்டால் செய்தி மாறாது. எண்ணை மட்டும் மாத்திரையால் இறக்கிவிட்டு நிம்மதியடைவதைவிட, அந்த எண் ஏன் ஏறியது என்று தேடுவதுதான் இதயத்துக்குச் செய்யும் உதவி. மூட்டில் கௌட் தாக்குதல் திரும்பத் திரும்ப வருபவர்கள், யூரிக் அமிலக் கல் உள்ளவர்கள் ஆகியோருக்கு எண்ணைக் குறைக்கும் மருந்து அவசியமாகலாம். அது வேறு கணக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாமல், முழு உடல் பரிசோதனையில் 7.6 வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதயத்தைக் காக்க மாத்திரை போடுவதற்கு இன்றுவரை போதிய சான்று இல்லை.

எண்ணைச் சரியாகப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். நம் ஊர் அறிக்கைகளில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே எடுத்த அறிக்கையில் மைக்ரோமோல் கணக்கில் 420, 500 என்று இருப்பதைப் பார்த்துக் குடும்பமே பதறியதைக் கண்டிருக்கிறேன். அந்த எண்ணை 59.5-ஆல் வகுத்தால் நம் கணக்கு வரும். 420 என்பது ஏறத்தாழ 7.1 தான்.

ஆண்களுக்கு 7 வரையும் பெண்களுக்கு 6 வரையும் பொதுவாக இயல்பு என்று கொள்வார்கள். உடல் வெப்பநிலையில் 6.8-ஐத் தாண்டினால் யூரிக் அமிலம் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகத் தொடங்கும். குளிர்ந்த இடத்தில் அது கரைந்து நிற்பது இன்னும் குறையும். உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்திருக்கும் கால் கட்டைவிரலில் அது முதலில் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவுவதால் எண் தாழ்ந்திருக்கும்; நின்ற பிறகு ஏறும். ஐம்பத்தைந்து வயது அக்காவின் அறிக்கையில் 6.3 இருப்பதையும், முப்பது வயதுப் பெண்ணின் அறிக்கையில் அதே 6.3 இருப்பதையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. இளவயதுப் பெண்ணுக்கு அது கூடுதலாகக் கவனிக்கவேண்டிய செய்தி.

சோதனை எப்போது எடுத்தது என்பதும் முக்கியம். கட்டைவிரல் கொதிக்கும் நாளில் எடுத்தால், வியப்பாக இருந்தாலும், எண் இயல்பாகவே வரக்கூடும். அதை நம்பி யூரிக் அமிலம் இல்லை என்று முடிவுகட்டாமல், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். சித்திரை வெயிலில் நாளெல்லாம் களத்தில் நின்றுவிட்டு, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் மறுநாள் ரத்தம் கொடுத்தாலும், கடும் விரதத்தின் நடுவே கொடுத்தாலும் எண் கூடிக் காட்டலாம். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் சாப்பிடுபவர்களுக்கு, நாங்கள் பயன்படுத்தும் சாயமுறையில் எண் குறைத்துக் காட்டக்கூடும். ரத்தம் எடுக்கும்போது அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்காமல், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுத்த பழைய அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகளாக 7.2-இல் நிற்பவரின் கதை வேறு. ஆறு மாதத்தில் 6-இலிருந்து 9-க்குத் தாவியவரின் கதை வேறு. இரண்டாமவருக்குத்தான் இதயத்தையும் சிறுநீரகத்தையும் உடனே பார்க்கவேண்டும்.

எவற்றோடு சேர்த்துப் பார்ப்பது

யூரிக் அமில எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். அதே ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். அறிக்கையில் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தையும் கணக்கிட்டுத் தந்திருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால், செலவில்லாமல் பார்க்கக்கூடியது ரத்தக் கொதிப்பு. கூடிய யூரிக் அமிலமும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தே திரிபவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் பணியாளர்கள் ரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். ஒருமுறை பார்த்து விடாமல், வெவ்வேறு நாட்களில் ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்த பின் பார்த்த எண்களைக் குறித்துவையுங்கள்.

அடுத்து உடலையே படிக்கவேண்டும். கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தாலே மூச்சு வாங்குகிறதா? படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை இரண்டாக்கி, மூன்றாக்கி வைக்கவேண்டியிருக்கிறதா? நடுராத்திரியில் மூச்சுத்திணறி எழுந்து ஜன்னலைத் திறக்கிறீர்களா? மாலையில் இரண்டு கால்களும் வீங்குகின்றனவா? கௌட் வீக்கத்துக்கும் இதய வீக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம்: கௌட் வீக்கம் பெரும்பாலும் ஒரு மூட்டில், சிவந்து, சூடாக, தொட முடியாத வலியோடு வரும், இதய வீக்கம் பொதுவாக இரண்டு கால்களிலும், வலியில்லாமல், அழுத்தினால் குழி விழும்படி இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதைத்தான் கோட்டூர்ப் பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். வலிக்கும் காலையே பார்த்துக்கொண்டு வலிக்காத காலை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டில் எடைபார்க்கும் கருவி இருந்தால் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன் எடையைக் குறித்துவாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சோற்றினால் கூடிய எடை அல்ல. உடலில் நீர் தேங்குகிறது. இந்த அறிகுறிகளில் எது இருந்தாலும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கவேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சு இறுக்கமோ, தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, வியர்த்துக் கொட்டுவதோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் எந்த அறிக்கைக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பது

இதயநோயாளிக்கு யூரிக் அமிலம் கூடுவதற்கு அவர் சாப்பிடும் நல்ல மருந்துகளே ஒரு காரணமாக இருக்கலாம். நுரையீரலிலும் காலிலும் தேங்கிய நீரை இறக்கும் ஃபுரோசமைடு, கொதிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் ஆகிய நீர் மாத்திரைகளும், அடைப்பு வராமலிருக்கத் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை ஏற்றும். காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் கொடுக்கும் பைராசினமைடும் அப்படியே. இதைப் படித்துவிட்டு யாரும் நீர் மாத்திரையையோ ஆஸ்பிரினையோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சில நாட்களில் மூச்சு முட்டியோ அடைப்பு வந்தோ மருத்துவமனையில் படுக்க நேரும். கட்டைவிரலைக் காப்பாற்ற இதயத்தைப் பணயம் வைக்கும் வேலை அது.

மருத்துவர் மாற்ற நினைத்தால் அவருக்கு வழிகள் உண்டு. கொதிப்புக்குத் தரும் லோசார்டான் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்றவும் உதவுகிறது. சர்க்கரைக்கென வந்து, 2019-இலிருந்து இதயச் செயலிழப்புக்கும் பயன் தருவதாக நிறுவப்பட்ட டாபாகிளிஃப்ளோசின், அதன் பின் எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவையும் யூரிக் அமிலத்தை ஓரளவு இறக்குகின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவர்தான் சொல்லவேண்டும். உங்கள் பங்கு, எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்வது.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கினால் உங்களுக்கு இதயநோய் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்ஸோஸ்டாட்டை அலோப்யூரினாலோடு ஒப்பிட்டு, கௌட்டும் இதயநோயும் சேர்ந்திருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், முதல் மருந்தை எடுத்தவர்களிடம் இதயநோய் மரணம் சற்றுக் கூடுதலாக இருந்தது. 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. 2020-இல் ஐரோப்பாவில் வெளியான மற்றோர் ஆய்வில் அப்படித் தெரியவில்லை. இதனால்தான் மருத்துவருக்கு உங்கள் இதயக் கதை முழுவதும் தெரிந்திருக்கவேண்டும். அலோப்யூரினால் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலி மாத்திரை என்னும் பெரிய ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எங்கள் பகுதியில் கால் வலி என்றதும் டைக்ளோஃபெனாக் ஊசி, அல்லது அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் மாத்திரை. நடவுக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஒரு நாள் வேலையை விட்டால் கூலி போய்விடும் என்பதால், இதைக் கேட்டு வாங்குபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகை மருந்துகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றன, ரத்தக் கொதிப்பை ஏற்றுகின்றன, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கின்றன. பம்பிங் குறைந்தவருக்கு இவற்றைக் கொடுத்தால் சில நாட்களிலேயே மூச்சுத்திணறல் வரக்கூடும். டைக்ளோஃபெனாக்கும் எட்டோரிகாக்ஸிபும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் கூடாதவை. அந்தப் பெரியவர் பத்து நாளாக உட்கார்ந்து தூங்கியதற்கு முந்தைய வாரம் இரண்டு வலி ஊசி போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் வலிக்கு என்ன வழி? பனிக்கட்டியைத் துணியில் சுற்றி மூட்டின் மேல் வைப்பதும், காலுக்கு ஓய்வு கொடுப்பதும் பொதுவாகக் கெடுதல் செய்யாது. மருந்தென்று வந்தால், இதயநோய் உள்ளவருக்கு மருத்துவர் பெரும்பாலும் குறைந்த அளவில் கோல்சிசின் எழுதுவார், அல்லது மூட்டுக்குள் ஊசி போடுவார். கோல்சிசின் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. வேதாரண்யம் பக்கம் மணல் நிலத்தில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்குச் செடியில், அதாவது நம் மாநில மலரான செங்காந்தளில், இருப்பது அதுதான். வீக்கத்தை அடக்கும் இதே மருந்தைத் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்தபோது இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் குறைந்தன என்று 2020-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கோல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை, அழற்சியைத்தான் அடக்குகிறது. யூரிக் அமிலத்தைவிட, அது கிளப்பிவிடும் அழற்சி இதயத்துக்குக் கூடுதல் பகையாக இருக்கலாம் என்று நான் எண்ணுவதற்கு இது ஒரு காரணம். கௌட் தாக்குதல் வந்து ஏறத்தாழ நான்கு மாதங்கள்வரை மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு கூடியிருப்பதாக 2022-இல் பிரிட்டன் தரவுகள் காட்டியதும் அந்த எண்ணத்தோடு ஒத்துப்போகிறது. அந்த நான்கு மாதங்களில் நெஞ்சில் சிறு தொந்தரவு வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. செடியில்தானே இருக்கிறது என்று கண்வலிக்கிழங்கை யாரும் அரைத்துத் தின்றுவிடாதீர்கள். அது கொடிய நஞ்சு. மாத்திரையாக வரும் கோல்சிசினிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உடன் எடுப்பவர்களுக்கும் அந்தத் தூரம் இன்னும் குறையும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

தட்டும் குவளையும்

யூரிக் அமிலம் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பருப்பு. சாம்பார் இல்லாமல், கீரை இல்லாமல், வெறும் ரசம் சோற்றில் மெலிந்துபோன பலரை நான் பார்த்திருக்கிறேன். இது தேவையற்ற தண்டனை. 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் கௌட் வாய்ப்பைக் கூட்டின. பியூரின் மிகுந்த காய்கறிகளும் பயறு வகைகளும் கூட்டவில்லை. பால் பொருட்கள் வாய்ப்பைக் குறைத்தன. துவரம்பருப்பும் பாசிப்பயறும் அரைக்கீரையும் இருக்கட்டும். உப்புக் குறைத்த நீர்மோர் இதயத்துக்கும் மூட்டுக்கும் ஒருசேர ஏற்றது.

குறைக்கவேண்டியவை நாகப்பட்டினம், தரங்கம்பாடி, காரைக்கால் கரையிலிருந்து வரும் மத்தி, நெத்திலி, இறால் ஆகியவையும், ஞாயிற்றுக்கிழமை ஈரல், சுவரொட்டி, தலைக்கறியும்தான். மீனை முழுதாக விடச் சொல்லவில்லை. இதயத்துக்கு மீன் நல்லது என்பதால் வாரம் ஒன்றிரண்டு முறை, அளவோடு, குழம்பில் ஓரிரு துண்டுகள் போதும். கருவாட்டில் பியூரினும் உப்பும் சேர்ந்திருப்பதால் பம்பிங் குறைந்தவர்கள் அதைத் தவிர்ப்பதே சரி. ஒரு நாளைக்கு உப்பு மொத்தம் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பலரும் மறப்பது இனிப்பை. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரலில் அது செரிக்கும்போதே யூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் வேறு அல்ல. கும்பகோணம் டிகிரி காபி குடிப்பவர்கள் காபியை விடவேண்டியதில்லை. சர்க்கரையைக் குறைத்தால் போதும். பீர் யூரிக் அமிலத்தை ஏற்றுவதில் முன்னணியில் நிற்கிறது. மற்ற மது வகைகளும் ஏற்றும். இத்தனையையும் ஒழுங்காகச் செய்தாலும் உணவால் இறங்குவது பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

தண்ணீரில் ஒரு பெரிய எச்சரிக்கை. யூரிக் அமிலத்துக்கு நிறையத் தண்ணீர் குடி என்பது பொதுவான அறிவுரை. வெயிலில் வேலை செய்பவருக்கு அது சரியும்கூட. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மருத்துவர் நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று எல்லை வைத்திருந்தால், அந்த எல்லைதான் உங்கள் எல்லை. அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு நான்கு லிட்டர் குடித்தால் அது நுரையீரலில் போய் நிற்கும். வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் பொட்டாசியம் மிகுந்தவை. பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத்துடிப்பே தடுமாறலாம். நெருஞ்சில், மூக்கிரட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு நோட்டுத் தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: யூரிக் அமில எண்ணும் சோதனை எடுத்த தேதியும், பழைய எண்கள் இருந்தால் அவையும், கடைசி இரண்டு வாரத்தில் போட்ட வலி மாத்திரை, ஊசி ஒவ்வொன்றின் பெயரும், எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்பதும் எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்பதும், காலை எடைகள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் வெளிநோயாளர் வரிசை நீண்டது. மருத்துவருக்கு உங்களோடு இருக்கும் நிமிடங்கள் குறைவு. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, "யூரிக் அமிலம் ஏன் ஏறியிருக்கிறது, இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கவேண்டுமா?" என்று கேளுங்கள். "இதைக் குறைக்க மாத்திரை கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், வலியின் பக்கமே பேச்சு முடிந்துவிடக்கூடும்.

மருந்து மாற்றினால், நான்கு முதல் ஆறு வாரம் கழித்து யூரிக் அமிலத்தோடு கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்கவேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டூர்ப் பெரியவர் ஆறு வாரம் கழித்து வந்தபோது யூரிக் அமிலம் 7.4, எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. அதற்குள் யூரிக் அமிலத்துக்கென்று அவருக்குத் தனி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. வலி ஊசியை நிறுத்தி, இதயத்துக்கான மருந்துகளைத் தொடங்கியிருந்தார்கள். ரத்தம் எடுக்க உட்கார்ந்தவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே வேட்டியைச் சற்று உயர்த்தி, "அழுத்திப் பாரு தம்பி" என்று இடது காலை நீட்டினார். அழுத்தினேன். குழி விழவில்லை.